மலையகத்தில் ஃப்ரீலான்ஸ் படப்பிடிப்பு: பொருள், மனிதர், விலங்கு என மூன்றுக்கும் ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் கமராவை நம்பிப் பிழைக்க நினைப்பவருக்கு ஒரே வகை வேலை போதாது. கலியாண வீடுகள் முகூர்த்தம் உள்ள மாதங்களில் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இராது. அந்த நேரத்தில் பண்டாரவளையில் தேயிலைப் பைக்கற் விற்பவர் கூப்பிடுவார். எல்லயில் தங்குமிடம் நடத்துபவர் அறைகளைப் படமெடுத்துத் தரச் சொல்வார். நுவரெலியாவில் யாராவது தன் நாயைப் படமெடுக்கக் கேட்பார். பொருள், மனிதர், விலங்கு மூன்றிலும் கை பழகியவருக்குத்தான் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

மூன்றுக்கும் லென்ஸ் வேறு, வெளிச்சம் வேறு, பொறுமையின் அளவும் வேறு. ஆனால் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படம் கடைசியில் யார் கைக்குப் போகிறது? பைக்கற்றில் அச்சாகப் போகிறதா, பாட்டியின் சுவரில் தொங்கப் போகிறதா, மாடு வாங்க வருபவரின் கைப்பேசிக்குப் போகிறதா? இது தெரிந்துவிட்டால் பின்னணி, உடை, நேரம், எதைக் காட்டக்கூடாது என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுக்கப்பட்ட படங்கள் மலையகத்தைப் பற்றி ஏராளம். கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் உலகமெல்லாம் சுற்றுகிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் அதன் ஒரு பிரதி இருப்பது அபூர்வம். இந்த வழிகாட்டி அந்தக் குறையை மனதில் வைத்தே எழுதப்படுகிறது.

1. எந்த மாதம், எந்தப் பக்கம்

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வானிலை இரண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் நனைந்தே கிடக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு மறுபக்கம் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பகுதியில் காய்ந்த காற்று வீசும், வானம் தெளிவாக இருக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் காலமும் அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை மாறி, திம்புள்ளைப் பக்கம் குளிரும் வெயிலுமாக இருக்கும். அப்போது மேற்குப் பக்கத் தேயிலைக்கு நல்ல காலம்.

ஆகவே ஓகஸ்டில் தேயிலைத் தோட்டப் படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஹட்டனை விட்டு அப்புத்தளைக்கு வரச் சொல்லுங்கள். பெப்ரவரியில் கேட்டால் தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் அழைத்துப் போங்கள். வானிலையை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டால், வெளியூர் வாடிக்கையாளர் உங்களை விட மாட்டார்.

எந்த மாதமானாலும் காலை ஆறு முதல் ஒன்பது வரை உள்ள வெளிச்சத்தைத் தவற விடாதீர்கள். உச்சிக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் சில இடங்களில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மூடுபனியில் கமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை கூட்டி வையுங்கள். அதற்குள் ஒரு ஆள் நின்றால் முகத்தில் ஸ்பொட் மீட்டர் (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து அளப்பது நல்லது.

2. ஈரத்திலிருந்து கமராவைக் காப்பது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைப் பையில் போடாமல் சட்டையின் உள் பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே குளிரில் நின்ற கமராவோடு அடுப்பெரியும் குசினிக்குள் போனால் லென்ஸில் நீர் படியும். உள்ளே போவதற்கு முன்பே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்காமல் விடுங்கள். நீர் பையின் வெளிப்பக்கம் படியும், லென்ஸில் படியாது.

பூஞ்சணம்தான் இங்கே பெரிய எதிரி. காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் பைக்கற்றுகள், உள்ளே ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, இவ்வளவு போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். துணிப்பையிலேயே கமராவை வைத்து அலுமாரியில் பூட்டிவிடுவது மழைக்காலத்தில் லென்ஸைப் பூஞ்சணத்துக்குக் கொடுப்பதுதான்.

லென்ஸ் விஷயத்தில் பணத்தைச் சிதறடிக்க வேண்டாம். ஆளுக்கும் பொருளுக்கும் 50 மில்லிமீற்றர், வீட்டுக்குள்ளும் கூட்டத்துக்கும் ஒரு அகலக் கோண ஸூம், விலங்குக்கு 300 அல்லது அதற்கு மேல் போகும் ஒன்று. கடைசியை வேலை வரும்போது வாடகைக்கு எடுக்கலாம். லென்ஸின் முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஒன்று மட்டும் கட்டாயம் வாங்குங்கள். தேயிலை இலை மெழுகுப் பளபளப்பு உள்ளது, வானத்தைப் பிரதிபலித்து வெளிறித் தெரியும். போலரைசரைத் திருப்பினால் உண்மையான பச்சை வெளியே வரும்.

3. கேட்க வேண்டியவர்களிடம் கேட்பது

தோட்டம் என்பது பொது இடம் அல்ல. 1992 முதல் பெரும்பாலான பெருந்தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் இருக்கிறது. கொழுந்து மலையிலோ பெக்டரியிலோ வணிகப் படம் எடுக்கத் தோட்டத் துரையின் (முகாமையாளரின்) எழுத்து அனுமதி வேண்டும். ஆனால் துரை அனுமதி கொடுத்தார் என்பதற்காக தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்துக்குள் நுழைந்து யாரையும் எடுக்கலாம் என்று ஆகாது. லயத்தின் ஒவ்வொரு காம்பராவும் (அறையும்) ஒரு குடும்பத்தின் வீடு. வாசலில் நின்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்.

ட்ரோன் பறக்கவிட சிவில் விமான அதிகாரசபையின் விதிகளைப் படித்து அனுமதி எடுங்கள். தேசியப் பூங்காக்களில் வணிகப் படப்பிடிப்புக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். கடவுச்சீட்டுக்குரிய படங்களை அதற்கென அனுமதி பெற்ற ஸ்டூடியோக்கள்தான் எடுத்து அனுப்பலாம். தோட்டத்தில் யாராவது கேட்டால் ஆசை காட்டாமல் ஸ்டூடியோவுக்கு வழி சொல்லிவிடுங்கள்.

கூலியைப் பேசும்போது படம் எடுக்கும் நேரம், போக்குவரத்து, கணினியில் திருத்தும் நேரம், படத்தை எங்கே எத்தனை காலம் பாவிக்கலாம் என்ற உரிமை ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பேஸ்புக்கில் போட ஒரு விலை, பைக்கற்றில் அச்சிட வேறு விலை. முற்பணம் வாங்காமல் மலை ஏறாதீர்கள். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டாலும் பேச்சுக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

4. பொருட்கள்

பொருள் அசையாது, கோபிக்காது, அதனால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வீட்டில் வடக்கு நோக்கிய ஜன்னல் ஒன்று இருந்தால் ஸ்டூடியோ தயார். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி, மறுபக்கத்தில் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை, கீழே மேசை. ட்ரைபொட்டில் கமரா, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு செக்கன் டைமர். அறையின் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் கலந்தால் வெள்ளைப் பைக்கற் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். கடைக்குள் விளக்கு வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டி வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் படத்தில் கோடு விழாது.

இங்கே அதிகம் வரும் வேலை தேயிலைதான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேயிலைத் தூளை எடுக்கும்போது தரத்தின் வித்தியாசம் தெரிய வேண்டும். பிஓபி சின்னதாக உடைந்த இலை, ஓபி நீளமாகச் சுருண்டது, டஸ்ட் மாவு மாதிரி. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சம் ஒவ்வொரு துண்டின் சுருளையும் காட்டும். மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே கறுப்புக் குவியல். வடித்த சாயத்தைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுங்கள், அப்போதுதான் அந்தச் செம்பொன் நிறம் வரும். ஒரு எச்சரிக்கை: கடும் சாயம் ஆறும்போது கலங்கும். தேயிலையில் உள்ள கஃபீனும் நிறப்பொருட்களும் சேர்ந்து படிவதுதான் காரணம். நல்ல தேயிலையில் இது கூடுதலாகவே நடக்கும். ஆகவே முதலில் வெந்நீரை ஊற்றி எல்லா அளவையும் சரிபார்த்து வைத்துவிட்டு, கடைசியில் சாயத்தை ஊற்றி உடனே எடுங்கள். ஆவி தெரிய வேண்டுமென்றால் இருண்ட பின்னணியும் பின் வெளிச்சமும் வேண்டும். குளிர் காலை இதற்கு வாய்ப்பு. நுவரெலியாவில் ஆவிக்குத் தனியாக எந்தத் தந்திரமும் தேவைப்படாது.

சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. பைக்கற்றில் இல்லாத சின்னத்தைக் கணினியில் சேர்த்துத் தரும்படி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

குத்துவிளக்கு, செம்பு, நகை போன்ற மினுங்கும் சாமான்கள் அறை முழுவதையும் தங்களுக்குள் காட்டும். சின்ன விளக்கால் அடித்தால் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். பெரிய வெள்ளைத் துணி வழியாக வெளிச்சத்தைப் பரப்பி, ஓரங்களில் கறுப்புத் துணி பிடித்தால் விளக்கின் வளைவு கோடாகத் தெரியும். நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். லீக்ஸ், கரட், ஸ்ட்ரோபெரி போன்றவை வெட்டிய அன்றே எடுக்க வேண்டியவை. தங்குமிட அறைகளுக்கு ட்ரைபொட்டை நெஞ்சளவு உயரத்தில், கமராவை நேர் மட்டமாக வைத்தால் சுவர் சாயாது. ஜன்னலுக்கு ஒரு எக்ஸ்போஷர், அறைக்கு ஒன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெக்டரிக்குள் எடுப்பதானால் லென்ஸை வெளியிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். தூள் சலிக்கும் இடத்தில் காற்றே தேயிலைத் தூசிதான்.

5. மனிதர்கள்

கொழுந்து எடுப்பவர்களில் தொடங்குவோம், எல்லோரும் கேட்பது அந்தப் படத்தைத்தான். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. அந்த அளவு நிறையாவிட்டால் முழுப் பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழாது, அரைப் பேர்தான். நீங்கள் "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய சம்பளம். ஆகவே வழி இரண்டு. ஒன்று, அவர் வேலையை நிறுத்தாமல் தூரத்திலிருந்து எடுப்பது. விரல்களின் வேகத்தை உறைய வைக்க 1/500 செக்கனாவது வேண்டும். மற்றது, வணிகப் படமென்றால் அன்றைய முழுப் பேருக்குக் குறையாத தொகையை வாடிக்கையாளரிடம் வாங்கி, படத்தில் நிற்பவரின் கையிலேயே கொடுத்து, வேலை இல்லாத நாளில் எடுப்பது. இரண்டாவதைத்தான் நான் வலியுறுத்துவேன். இதைச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள், பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள்.

நல்ல இடம் மடுவம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எல்லோரும் கூடுவார்கள், கூடையை இறக்கி மூச்சு விடுவார்கள், பேச்சும் சண்டையும் சிரிப்புமாக முகங்கள் உயிரோடு இருக்கும். மத்தியான வெயிலில் தலையில் போட்ட துணியின் நிழல் கண்ணை மறைக்கும். மடுவத்தின் கூரைக்கடியில் அந்தப் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் மலையில் குந்தி எடுப்பவர்கள் அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள்.

லயத்தில் ஆளைப் படமெடுக்க இஸ்தோப்பைவிட (முன் திண்ணையைவிட) நல்ல இடம் தேட வேண்டியதில்லை. மேலே தகரக் கூரை, முன்னால் திறந்த வானம்: முகத்தில் விழும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள், நீலமோ பச்சையோ பூசிய சுவருக்கு ஒட்டி நிறுத்தினால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். ஓரெட்டு முன்னால் வரச் சொல்லுங்கள்.

வயதானவர்கள் படமென்றால் நாற்காலி போட்டு, கை இரண்டையும் முழங்காலில் வைத்து, நேராகப் பார்த்து, சிரிக்காமல், கால் வரை தெரிய எடுக்கச் சொல்வார்கள். அவர்கள் கேட்டதை முதலில் முழு மனதோடு எடுங்கள். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே உங்களுக்குப் பிடித்ததை எடுக்கலாம். பல வீடுகளில் ஒருவர் இறந்த பின்புதான் நல்ல படம் ஒன்றுமில்லை என்பது தெரிய வரும். அடையாள அட்டையில் உள்ள சின்னப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவார்கள், முகம் கலங்கிப் போயிருக்கும். அந்தப் பாட்டியை உயிரோடிருக்கும்போதே ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைப்பது இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலைகளில் ஒன்று.

தோலின் நிறத்தைப் பற்றி. "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க தம்பி" என்று கலியாண வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். வெளிச்சம் போதாமல் மங்கிய படத்தைத்தான் பெரும்பாலும் கறுப்பு என்கிறார்கள். எடுக்கும்போதே முகத்துக்குச் சரியாக அளந்து, பக்கத்தில் வெள்ளைப் பலகை பிடித்து, கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு மினுக்கம் வரச் செய்யுங்கள். அந்தப் பிரதியைக் காட்டுங்கள். வெளுக்கச் சொன்னவர்களே ஏற்றுக்கொள்வார்கள். மணமகளின் அம்மாவுக்கே மகளை அடையாளம் தெரியாத அளவுக்கு நிறம் மாற்றித் தருவதை நான் தொழிலாகவே நினைப்பதில்லை.

பெண் பிள்ளை பெரியவளான சடங்கு வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். படத்தில் இருப்பவள் ஒரு சிறுமி. மாமாவும் பெரியம்மாவும் எடுக்கச் சொன்னாலும், அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உடை மாற்றும் அறைக்கும் தண்ணீர் வார்க்கும் இடத்துக்கும் கமராவைக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் படங்களை உங்கள் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போடவே கூடாது, வீட்டார் சம்மதித்தாலும்.

மாசி மாதக் காமன் கூத்து எடுக்கப் போகிறவர்கள் ஓரிரு நாள் முன்பே போய் நடத்துபவரிடம் வரிசையைக் கேட்டு வையுங்கள். இரவு, தீப்பந்தம், ஓயாத தப்பு மேளம். ஃபிளாஷ் அடித்தால் ஆடுபவருக்கும் இடைஞ்சல், நெருப்பின் நிறமும் போய்விடும். ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400, 1/125 செக்கன், லென்ஸை முழுக்கத் திறந்து, நெருப்பு முகத்தில் விழும் கணத்துக்குக் காத்திருங்கள். தப்பு அடிப்பவரின் கையை மட்டும் 1/30இல் எடுத்துப் பாருங்கள். முகம் தெளிவாகவும் கை கலங்கியும் வரும்போது படத்தில் சத்தமே கேட்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது போன்ற துயரங்கள் இங்கே மறுபடி மறுபடி வருகின்றன. செய்தி நிறுவனங்கள் உங்களைக் கூப்பிடும். இழந்த வீடு, மண், மீட்பு வேலை இவற்றை எடுங்கள், ஆவணம் தேவை. அழுகிறவரின் முகத்துக்கு நெருங்கும் முன் உறவினர் ஒருவரிடம் கேளுங்கள்.

6. விலங்குகள்

வீட்டு விலங்குகளில் வேலை கூடிக்கொண்டே வருகிறது. நாயை அதன் கண் உயரத்துக்குக் குந்தி எடுங்கள், அதுதான் பாதி வேலை. கறுப்பு நாயானால் வெயிலில் வேண்டாம், நிழலில் எடுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கண்ணில் வானத்தின் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், முகம் வந்துவிடும்.

மாடு விற்பதற்குப் படம் கேட்பார்கள். தோட்டத்தில் பால் மாடு ஒரு குடும்பத்தின் சேமிப்பு, ஆகவே இந்த வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். மேடு பள்ளமில்லாத இடத்தில், குளிப்பாட்டிய பிறகு, முழுப் பக்கவாட்டில், நான்கு காலும் தெரிய, தலை நிமிர்ந்திருக்க ஒரு படம். மடி தெரிய ஒன்று. முன்னாலிருந்து ஒன்று. பின்பக்கமாக நெருங்காதீர்கள், சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்துப் பக்கத்தில் நிற்கட்டும். இருப்பதை மறைத்தோ கூட்டியோ காட்டாதீர்கள். வாங்குபவரும் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் இன்னொரு குடும்பம்தான்.

காட்டு விலங்குக்கு ஹோட்டன் சமவெளி. 1988இல் தேசியப் பூங்காவானது, 2010 முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் ஒன்று. விடியலில் வாசல் திறந்ததும் உள்ளே போனால் பனி விலகும் புல்வெளியில் மரை என்னும் பெரிய மான் நிற்கும். சில மரைகள் ஆளுக்குப் பழகி வாகனத்தருகே வரும். பிஸ்கட் நீட்டி முகத்தைத் திருப்ப வைக்கும் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் பழக்கத்தால் அவை பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.

பறவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியா நகரின் நடுவே உள்ள விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பானும் வந்து தங்கும். நடமாட்டம் குறைந்த அதிகாலையில் ஓரிடத்தில் அமைதியாக உட்காருங்கள். கைப்பேசியில் குரலைப் போட்டுக் குருவியை இழுப்பது அதன் இரை தேடும் நேரத்தைத் திருடுவது. கூட்டுக்கு அருகில் அதைச் செய்யவே கூடாது.

சிறுத்தை பற்றி ஒரே ஒரு விதி. தோட்டத்தை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தை வாழ்கிறது, காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிக்கிச் சாகவும் செய்கிறது. படம் கிடைத்தால் எந்தத் தோட்டம், எந்த மலை என்பதை வெளியே சொல்லாதீர்கள், கோப்பில் பதிந்திருக்கும் இடத் தகவலையும் அழித்துவிட்டே போடுங்கள். கம்பியைக் கண்டால் படமெடுத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

7. திருத்துவது, கொடுப்பது, சேமிப்பது

அன்றிரவே படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். கார்டை அதுவரை அழிக்க வேண்டாம். திருத்தும்போது தேயிலைப் பச்சையைக் கண் கூசும் அளவுக்கு ஏற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, முற்றிய இலை கரும்பச்சை. இரண்டும் வேறாகத் தெரிந்தால்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும்.

வணிக வாடிக்கையாளருக்குக் கோப்பு போதும். ஆட்களுக்கு அச்சுப் பிரதி கொடுங்கள். லயத்தில் எடுத்த ஒவ்வொருவருக்கும் லமினேட் செய்த ஒரு படம், பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதி. தபாலில் அனுப்பினால் லயத்து முகவரிக்கு நேரே சேராமல் தோட்டத்து ஒபீஸில் தங்கிவிடலாம். முடிந்தால் நேரில் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகும் ஆசிரியரிடமோ கோயில் தலைவரிடமோ கொடுத்தனுப்புங்கள். இந்தச் செலவையும் ஆரம்பத்திலேயே கூலியில் சேர்த்துவிட வேண்டும்.

சேமிக்கும்போது கோப்புறைக்கு வாடிக்கையாளர் பெயரை மட்டும் வைக்காதீர்கள். தோட்டம், டிவிசன், லயம், வருடம், மாதம், படத்தில் இருப்பவர்களின் பெயர் என்ற வரிசையில் எழுதி வையுங்கள். லயங்கள் இடிபடுகின்றன, குடும்பங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகின்றன. பல வருடம் கழித்து ஒருவர் போன் எடுத்து, "கீழ் டிவிசன் கோயில் திருவிழாவில எங்க அப்பா காவடி எடுத்த படம் இருக்கா அண்ணே?" என்று கேட்பார். அவருக்கு உங்கள் வாடிக்கையாளரின் பெயர் தெரிந்திருக்காது. தோட்டத்தின் பெயரும் அப்பாவின் பெயரும்தான் தெரியும்.